யம்பாவின் குழியில் படுத்தவள்

யம்பா செத்துப்போனான் என்ற செய்தி வந்தபோது சபீன் கள்ளுப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். இடுப்பளவு பானை. முளைகட்டிய சோளம் கொதிக்கிற வாடை தெருமுனை வரைக்கும் போய் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. செய்தி கொண்டுவந்தவர் தபால் ஆபீஸ் பியூன். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி சொன்னார். கடையில் குந்தியிருந்த நாலைந்து பேரும் சுரைக்குடுவையைக் கீழே வைத்துவிட்டு சபீனின் முகத்தைப் பார்த்தார்கள்.

சபீன் துடுப்பை நிறுத்தவில்லை.

“அந்தக் கழுதைக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா? என் பானை கொதிக்கிற நாளாப் பார்த்துச் செத்திருக்கான் பாரு. உசுரோட இருந்தப்பவும் எனக்குத் தொல்லை, செத்தும் தொல்லை!”

கடை சிரித்தது. பியூனும் சிரித்தார். அப்பாடா என்று எல்லோரும் குடுவையை மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

சிரித்ததற்காக அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். யம்பா மோஸி குலம். சபீன் சாமோ குலம். ஏதோ ஒரு காலத்தில் இந்த இரண்டு குலத்துப் பாட்டன்மாரும் ஒரு நாய்த்தலைக் கறிக்காகக் கட்டிப் புரண்டார்களாம். தலையை யார் தின்றார்கள் என்பதற்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. மோஸியைக் கேட்டால் சாமோதான் தின்றான் என்பான்; சாமோவைக் கேட்டால் மோஸி திருடிக்கொண்டு ஓடினான் என்பான். அன்றிலிருந்து இந்த இரண்டு குலத்தாரும் ஒருவரை ஒருவர் ‘என் அடிமை’ என்று அழைக்கலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. கோபப்பட்டவன் உறவை அறுத்தவன். அப்புறம் இன்னொன்று: மோஸி செத்தால் சாமோ அழக்கூடாது, சாமோ செத்தால் மோஸி அழக்கூடாது. அழுவதற்குத்தான் சொந்தக்காரர்கள் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்களே. சாவு வீட்டைச் சிரிக்க வைக்க ஆள் வேண்டாமா?

யம்பாவின் சைக்கிள் கடை எதிரே வேப்பமரத்தடியில். முப்பது வருஷமாக ஒவ்வொரு காலையிலும் அவன் கடையைத் திறக்கிற சத்தத்தோடு குரல் வரும்.

“ஏ நாய்த்தலை தின்னி! இன்னும் சாகலையா நீ?”

“உன்னைப் புதைச்சுட்டுத்தான்டா சாவேன், கழுதை!”

அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும்.

சபீனின் புருஷன் பள்ளிக்கூட வாட்ச்மேன். அவன் செத்த அன்று யம்பா அவனுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, விசிலை ஊதிக்கொண்டு வந்து, துக்கத்துக்கு வந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து ஆஜர் எடுத்தான். தாமதமாக வந்த சபீனின் மாமனாரை வெயிலில் முட்டி போடச் சொன்னான். சபீன் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று சாயங்காலம் அவள் வாயில் களி இறங்கியது என்றால் அது அந்தச் சிரிப்பால்தான். அதை அவள் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

ஆக, இன்றைக்கு அவள் முறை.

அடுப்பை அணைத்தாள். குடிக்க வந்தவர்களை விரட்டினாள். எதிரே போய், வேப்பமரத்து ஆணியில் தொங்கிய யம்பாவின் நீல மேலங்கியை எடுத்துத் தன் பாவாடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கிரீஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. காறித் துப்பினாள். அவனுடைய பனையோலைத் தொப்பியை வைத்தாள். அடுப்புக்கரியால் மீசை வரைந்தாள். காற்றடிக்கிற பம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவனைப் போலவே இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனாள். தெருவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து பார்த்தார்கள். இன்றைக்கு வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். சபீனுக்கும் தெரியும். இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது.

ஆனால் யம்பா வீட்டு முற்றத்தில் காலை வைத்ததுமே என்னவோ சரியில்லை என்று பட்டது.

நாற்காலிகள் வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் மாதா கோயில் பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு, வியர்த்து வழிந்து நின்றான் பஸ்கால். யம்பாவின் ஒரே மகன். எட்டு வயதில் மாமனோடு பிரான்சுக்குப் போனவன். லியோன் நகரத்தில் மருந்துக்கடையில் பெரிய வேலை. அப்பாவுக்கு முடியவில்லை என்று கேட்டு ஓடிவந்து, கடைசி வாரம் பூராவும் படுக்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தான். நல்ல பிள்ளை. அதில் சந்தேகமே இல்லை.

சபீன் முற்றத்துக்கு நடுவில் போய் நின்று, யம்பாவின் கரகரத்த குரலில் கேட்டாள்.

“என்னய்யா கூட்டம்? யாரு செத்தது? நானா? எங்கிட்ட யாருமே சொல்லலையே!”

நாற்காலிகளில் தோள்கள் குலுங்கின. ஆனால் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் பஸ்கால் மேல் இருந்தது.

பஸ்கால் நிதானமாக நடந்து வந்தான். குனிந்து சபீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“நீங்கதான் சபீன் அம்மாவா? வாங்கம்மா. முன் வரிசையில உட்காருங்க. தண்ணி கொண்டாரச் சொல்றேன்.”

“தண்ணியா? உங்கப்பன் பஞ்சர் பார்க்க எச்சியைத் தொட்டு வெச்சே வாய் வறண்டு செத்தான். மகன் எனக்குத் தண்ணி குடுக்கிறானாம்!”

பஸ்கால் முகம் மாறவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா, எனக்கு இந்த வழக்கம் தெரியும். சந்தையில, கடைத்தெருவுல விளையாடறது சரி. இது சாவு வீடு. அப்பாவை மரியாதையா அனுப்பணும்னு நினைக்கிறேன். அப்புறம் இன்னொண்ணும் உங்ககிட்ட சொல்லணும்.”

“சொல்லு.”

“அப்பா உங்களை ரொம்பக் கேவலமாப் பேசியிருக்காருன்னு கேள்விப்பட்டேன். நாய்த்தலை அது இதுன்னு. ஒரு பொம்பளையை, அதுவும் புருஷன் இல்லாதவங்களை, இத்தனை வருஷமா. அவர் சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

சபீனுக்கு ஒரு கணம் காது அடைத்துவிட்டது.

“மன்னிப்பா? அவன் திட்டினதெல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கறியா நீ?”

“ஆமாம்மா. எல்லாத்தையும்.”

அட பாவி! முப்பது வருஷத்துச் சொத்தை ஒரே வாக்கியத்தில் வழித்து எடுத்துவிட்டானே. செவிட்டில் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. சுற்றி இருந்த கிழவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். பஸ்கால் தன் கைக்குட்டையை எடுத்து, மீசையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் நீட்டினான். அவ்வளவு மரியாதை!

சபீன் கைக்குட்டையை வாங்கவில்லை. நேரே உள்ளே போனாள்.

உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தாள் போகோ, யம்பாவின் பெண்டாட்டி. மொட்டையடித்த தலையில் வெள்ளைத் துணி. புருஷனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததிலிருந்து இரண்டு நாளாக அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்திலிருந்த பெண்கள் சொன்னார்கள். சபீன் அவள் எதிரே பம்பை ஊன்றிக்கொண்டு குந்தினாள். தன் புருஷனின் தொப்பியையும் கரிமீசையையும் பார்த்ததும் போகோவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அவ்வளவுதான். சிரிப்பு வரவில்லை.

“உன் மகன் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான்டி” என்றாள் சபீன்.

போகோ கண்ணை மூடிக்கொண்டாள். “கேட்டுட்டானா? கேட்பான்னு பயந்துகிட்டே இருந்தேன்.”

“நீ சொல்லக்கூடாதா அவன்கிட்ட?”

“சொல்லிக் குடுத்துத் திட்டினா அது திட்டா, சபீன்? தானா வரணும். எம்மகன் ரொம்ப நல்லவன். அதான் தொந்தரவு.”

“நல்லவனை வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்ண? என் வீட்டுக்குன்னு இருந்த மோஸி உன் புருஷன் ஒருத்தன்தான். அவனுக்கு அப்புறம் இவன்தான். நாளைக்கு நான் செத்தா, கோட்டு போட்டுக்கிட்டு வந்து ஒரு பூவை வெச்சுட்டு, ‘நல்ல அம்மா’ன்னு சொல்லிட்டுப் போவானா? என்னைத் திட்டறதுக்கு யாருடி வருவா?”

கேட்டபிறகுதான் தெரிந்தது, அவள் குரல் நடுங்கியது. அறையில் இருந்த பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சாமோ அழுதுவிடுவாளோ என்று ஒருத்தி பதறி எழுந்தாள். சபீன் சட்டென்று எழுந்து பம்பை இரண்டு தடவை அடித்தாள்.

“உட்காருடி. காத்து இறங்கலை எனக்கு.”

வெளியே சவப்பெட்டியைத் தூக்கும் சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் பின்னால், சோளத் தட்டை அறுத்த காட்டின் ஓரத்தில் குழி வெட்டியிருந்தார்கள். பஸ்கால் குழிவெட்டிகளிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தானாம்: சாமோ யாரையும் கிட்டே விடாதீர்கள் என்று. அவர்களும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார்கள். சபீன் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் ஒருவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

“மெதுவா இறங்கும்மா. ஓரம் சரியுது.”

இறங்கினாள். செம்மண் சில்லென்று இருந்தது. மல்லாந்து படுத்து, தொப்பியை நெற்றிக்கு இழுத்துவிட்டு, பம்பை மார்பில் வைத்துக்கொண்டாள்.

பெட்டி வந்தது. பெட்டிக்கு முன்னால் வந்த உபதேசியார் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சிலுவையைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவரும் மோஸிதான், கோபப்பட முடியாது.

“இடம் ஏற்கெனவே நிரம்பிடுச்சு. வேற ஊருக்கு எடுத்துட்டுப் போங்க!” என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

இப்போது கூட்டத்தில் சிரிப்பு அடங்கவில்லை. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பஸ்கால் குழியின் ஓரத்துக்கு வந்தான்.

“அம்மா, தயவுசெஞ்சு எழுந்திருங்க. வெயில் ஏறுது. எல்லாரும் காத்திருக்காங்க.”

“காத்திருக்கட்டும். உங்கப்பன் ஒரு டியூப் ஒட்ட ஆளை ரெண்டு நாள் காத்திருக்க வெச்சான்.”

பெரியவர் ஒருவர் பஸ்காலின் காதில் ஏதோ சொன்னார். கோழி கொண்டுவரச் சொல்லியிருப்பார். குழியில் படுத்த சாமோவை எழுப்பக் கோழி கொடுப்பது வழக்கம். ஒரு சேவல் வந்தது. பஸ்கால் அதை இரண்டு கையாலும் ஏந்தி, பூசைக்கு வைப்பது போல நீட்டினான்.

“கோழி சரிதான். கீழ போடு. அது பாட்டுக்கு இங்கே இருக்கட்டும்” என்றாள் சபீன். “வாய் எங்கேடா? உங்கப்பன் வாயை எங்கே கொண்டுபோய் வித்தே?”

“அம்மா, நான் உங்களை மதிக்கிறேன்.”

“மதிக்காதேடா!”

அவள் யம்பாவின் குரலில் ஆரம்பித்தாள். யம்பாவுக்குத் தவளை என்றால் பயம். மழைக்காலத்தில் சைக்கிள் கடையில் நாற்காலி மேல் ஏறி நின்று பஞ்சர் ஒட்டுவான். அதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தூங்கி, தூக்கத்தில் “பிரேக்கு பிடிக்கலை” என்று கத்தினான். அதையும் சொன்னாள். “எம்மகன் லியோன்ல மருந்துக்கடைக்கே முதலாளி” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றினான். “முதலாளியாம்! அட்டைப்பெட்டி தூக்குறான்!” என்று தன் குரலில் பதில் சொன்னாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. உபதேசியார்கூட சிலுவையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பஸ்கால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பொறுமையாக, மரியாதையாக நின்றான்.

சபீனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.

ஆமாம், சபீனுக்கு! இந்த ஜில்லாவிலேயே ஈடில்லாத சபீனுக்கு. பேச்சு நின்றதும் மேலே நீளமாக ஒரு துண்டு வானம் தெரிந்தது. மேலங்கியிலிருந்து கிரீஸ் நாற்றம் வந்தது. எதிர்க்கடை இனித் திறக்கவே திறக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் அவளை நாய்த்தலை தின்னி என்று கூப்பிடப்போவதில்லை. சும்மா ஒரு கள்ளுக்காரக் கிழவியாக உட்கார்ந்திருக்கப் போகிறாள். கண்ணுக்குள் சுடச்சுட ஊறியது. ஒரு சொட்டு வெளியே வந்தால் தீர்ந்தது கதை. பல்லைக் கடித்தாள். தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

குழிக்குள் சத்தமில்லை. கூட்டமும் மெல்ல அடங்கியது. இந்த வெயிலில் கிழவிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பஸ்காலுக்கு பயம் வந்திருக்க வேண்டும். மண்டியிட்டு, உள்ளே குனிந்து பார்த்தான்.

அவனுடைய அப்பாவின் மேலங்கி கிடந்தது. அப்பாவின் தொப்பி. அப்பாவின் பம்பு. அதன்மேல் சேவல் ஏறி நின்று அவனையே முறைத்துப் பார்த்தது.

பஸ்காலின் தாடை ஆடியது. கழுத்து நரம்பு புடைத்தது. அவன் வாயைத் திறந்தபோது குரல் உடைந்து, பெரிதாக வந்தது.

“ஏய்! எந்திரி நீ!”

கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. ஆனால் எந்த ‘நீ’ இது? கோபம் என்றால் இன்றோடு எல்லாம் அறுந்தது. போகோவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்த பெண்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

“அது எங்கப்பன் சட்டை!” என்று கத்தினான் பஸ்கால். “நாய்த்தலையாத் தின்னு தின்னு வீங்கின வயித்தை அதுக்குள்ள திணிச்சு வெச்சிருக்கியே, பொத்தான் தெறிச்சு என் கண்ணுல பட்டா யாரு பதில் சொல்றது?”

கோபம் இல்லை, கேலிதான். அப்புறம் சோளக்காடே அதிர்கிற மாதிரி ஊர் சிரித்தது. குழிவெட்டிகள் மண்வெட்டிகளைத் தட்டினார்கள். யாரோ குலவை போட்டார்கள். போகோ வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள், சிரித்தேவிட்டாள். தண்ணீர் கொண்டா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சபீன் தொப்பியை விலக்கி ஒரு கண்ணால் மேலே பார்த்தாள்.

“யாருடா அது பேசறது? அட்டைப்பெட்டிக்காரனா?”

“அட்டைப்பெட்டிக்காரன்தான். உன் அடிமையோட மகன் இல்லை, உன் எசமானோட மகன். எந்திரி! இது மோஸிக்கு அளவெடுத்து வெட்டின குழி. சாமோ படுத்த இடத்துல எங்கப்பன் படுத்தா ராத்திரி பூரா குரைப்புச் சத்தம் கேக்கும்.”

“உங்கப்பன் கத்தறதைக் கேட்டுக்கிட்டே நான் முப்பது வருஷம் தூங்கலையா?”

“நீயா தூங்கினே? உன் கள்ளைக் குடிச்சவன்தான் தூங்கினான். பாதிப்பேர் இன்னும் எந்திரிக்கலை!”

கள்ளுக்கடை வாடிக்கைக்காரர்கள் இதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். பஸ்காலின் கோட்டு முழங்கால் பூராவும் செம்மண். அவன் கவனிக்கவில்லை. அவன் மூச்சு வாங்கியது. எங்கே கற்றுக்கொண்டான் இதையெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை. அப்பன் ரத்தம், வேறென்ன? இத்தனை நாள் கோட்டுக்குள் அடைந்துகிடந்தது.

“உனக்கெல்லாம் இந்தக் குழி எந்த மூலைக்கு?” என்றான். “லாரி நிறுத்தற அளவுக்கு வெட்டணும்.”

“வெட்டுவியா?”

அந்தக் கேள்வி சின்னக் குரலில் வந்துவிட்டது. கேலிக்காரியின் குரல் அல்ல. பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. பஸ்காலுக்குக் கேட்டது. அவன் குழிக்குள் இன்னும் குனிந்தான்.

“வெட்டாம? லியோன்ல இருந்து ப்ளேன் ஏறி வருவேன். உன் பாவாடையைக் கட்டிக்கிட்டு, உன் பானையைத் தலையில கவுத்துக்கிட்டு, உன் பொணத்துக்கு முன்னாடி ஆடுவேன். ஊரே சிரிக்கும். உன்னை எவ்வளவு கேவலமாப் பேச முடியுமோ அவ்வளவும் பேசுவேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன், நாய்த்தலை தின்னி.”

சபீன் கையை நீட்டினாள்.

“அப்போ தூக்குடா, கழுதை.”

தூக்கினான். சேவலையும் அவளே பிடித்து மேலே கொண்டுவந்தாள், விட்டுவிட்டு வருவாளா? பெட்டி இறங்கியது. முதல் பிடி மண்ணைப் போட்டபோது பஸ்கால் குமுறிக் குமுறி அழுதான். மகன் அல்லவா, அவனுக்கு அழ உரிமை உண்டு. சபீன் பக்கத்தில் நின்று, “அழறான் பாரு மோஸி, மூக்கைத் துடைக்கக்கூட அப்பன் சொல்லிக் குடுக்கலை” என்று சொல்லிக்கொண்டே, அவன் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவி அவன் முகத்தில் எறிந்தாள். கரிமீசைக்குக் கீழே அவள் உதடு நடுங்கவில்லை. மனசு நிறைந்து, வயிறு நிறைந்த மாதிரி நின்றிருந்தாள். சாவதற்கு இனிமேல் அவளுக்குப் பயம் இல்லை.

எல்லோரும் கலைந்து போகும்போது பஸ்கால் அவளைக் கூப்பிட்டான்.

“ஏய், கேட்டுக்கோ. டிசம்பர்ல செத்துத் தொலைக்காதே, டிக்கெட் கிடைக்காது. மழைக்காலத்துல சாகு. மண்ணும் இளக்கமா இருக்கும்.”

சபீன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நொண்டாமல் தன் நடையிலேயே நடந்துகொண்டிருந்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.